எட்டுக் குழாய்களும் எட்டு வெம்மைகளும்: வெற்றோட்டத்தில் எஞ்சினின் குறை காணும் முறை



இன்றைய சொற்பொழிவின் பொருள் மோட்டார்ப் பட்டறையைச் சேர்ந்தது. பழைய மகிழுந்து ஒன்றில் விரைவுக்காகப் பொருத்தப்பட்ட எட்டு உருளை எஞ்சின், வண்டி நகராமல் நிற்கும்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எட்டுப் புகைக்குழாய்களையும் வெப்பமானியால் அளந்தால் எட்டும் ஒரே வெம்மையில் இல்லை. சில கொதிக்கின்றன, சில மிதமான சூட்டில் நிற்கின்றன. இதன் காரணம் யாது? அதனை எவ்வாறு ஐயத்திற்கு இடமின்றிக் கண்டறிவது?

மொழிக்கென அமைந்த மேடையில் இவ்வினா எதற்கு என நீங்கள் எண்ணலாம். காரணத்தைத் தேடும் சிந்தனை எம்மொழியில் நிகழ்கிறதோ அம்மொழியே தொழிலுக்கும் கல்விக்கும் உரிய மொழியாக நிலைக்கும். குறை காணும் அறிவு என்பது கருவிகளின் பட்டியல் அன்று. “இது இவ்வாறாயின் அது அவ்வாறு இருத்தல் வேண்டும்” என்னும் தொடர் வாதம். அவ்வாதத்தைத் தமிழில் இறுதிவரை நடத்திக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

தொடங்குமுன் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. “பொறி” என்னும் சொல் எந்திரத்தையும் குறிக்கும், நெருப்புத் துகளையும் குறிக்கும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரக்கூடிய பொருள் இது. ஆதலால் எந்திரத்தை எஞ்சின் என்றும், எரியூட்டும் சுடரைத் தீப்பொறி என்றும் வழங்குவோம். முடுக்கியை மிதிக்காத நிலையில் எஞ்சின் தானே மெதுவாக ஓடுவதைப் பட்டறையில் “ஐட்லிங்” என்பர். இங்கு அதனை வெற்றோட்டம் என்போம். கார்புரேட்டர், வால்வு, பிளக் போன்றவை பட்டறையில் வழங்கும் பெயர்களாகவே நிற்கட்டும்.

ஹாட் ராட் என்பது யாது

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் மியூராக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிப்படுகைகள் உண்டு. 1930களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு வண்டிகளை மலிவாக வாங்கி, சக்கர மூடிகளையும் தேவையற்ற பாகங்களையும் கழற்றி எடை குறைத்து, எஞ்சினைத் தம் கைத்திறனால் வலுப்படுத்தி, அந்தச் சமவெளிகளில் விரைவை அளந்து பார்த்தனர். அவர்தம் மன்றங்களை ஒருங்கிணைக்கத் தென் கலிபோர்னிய டைமிங் சங்கம் 1937இல் அமைந்தது. இவ்வண்டிகளுக்கு ஹாட் ராட் என்னும் பெயர் நிலைபெற்றது. அப்பெயரிலேயே 1948 சனவரியில் ஒரு திங்களிதழும் தோன்றியது.

இவர்கள் விரும்பிய எஞ்சின் முதலில் 1932ஆம் ஆண்டின் ஃபோர்டு வி8. எட்டு உருளைகளை இரு வரிசைகளாக ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் அமைத்து, எளியோரும் வாங்கத்தக்க விலையில் அது வந்தது. 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் உடையது. பின்னர் 1955இல் செவ்ரோலே நிறுவனம் 265 கன அங்குல வி8 எஞ்சினை வெளியிட்டது. அதன் வழிவந்தவை, குறிப்பாக 350 கன அங்குல எஞ்சின், ஹாட் ராட் உலகில் மிகப் பரவலாயின. 1932ஆம் ஆண்டு ஃபோர்டின் உடலில் செவ்ரோலேயின் எஞ்சின் அமர்ந்திருப்பது அங்கு இயல்பான காட்சி.

இவ்வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் கார்புரேட்டர், கேம் தண்டு, புகைக்குழாய், எரியூட்டும் அமைப்பு ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சோதிக்கப்பட்டிருக்கும். பழுது பார்க்க வழிகாட்டி நூலும் இருக்கும். ஹாட் ராடில் ஒவ்வொரு பாகமும் ஒவ்வோர் இடத்திலிருந்து வந்தது. முழு வண்டிக்கும் உரிய வழிகாட்டி நூல் உலகில் எங்கும் இல்லை. ஆகவே இங்குப் பழுது பார்ப்பவர் நூலைப் புரட்டிப் பயனில்லை. காரணத்தைத் தாமே தேடுதல் வேண்டும். தேடாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போர் பணத்தை இழப்பர். சில வேளைகளில் எஞ்சினையும் இழப்பர். எரிபொருள் குறைந்து ஓடும் உருளையொன்றைக் கவனியாது விட்டால், முழு வேகத்தில் அதன் பிஸ்டனே உருகக்கூடும்.

வெற்றோட்டத்தில் எஞ்சின் மூச்சு விடும் விதம்

எட்டு உருளைகளில் ஒவ்வொன்றும் எஞ்சின் இருமுறை சுழல்வதற்குள் ஒருமுறை எரிகிறது. நிமிடத்திற்கு 800 சுற்று என்னும் வெற்றோட்டத்தில், ஓர் உருளை நிமிடத்திற்கு 400 முறை எரியும். எட்டும் சேர்ந்து 3,200 முறை. அவ்வளவு எரிதலுக்கும் வேண்டிய காற்று, ஏறக்குறைய மூடிக்கிடக்கும் த்ராட்டில் தகடுகளின் மெல்லிய இடுக்கு வழியாகவே செல்கிறது. தகடுகளுக்குக் கீழே, உட்செலுத்தும் மேனிஃபோல்டில், வலுவான உறிஞ்சல் நிலவும். நல்ல நிலையிலுள்ள சாதாரண எஞ்சினில் அது பாதரச அளவையில் சுமார் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும்.

இதனால் மூன்று விளைவுகள் உண்டு. முதலாவது, உட்செல்லும் காற்று சிறிதாதலால், மேனிஃபோல்டில் சிறு துளையொன்று இருந்தாலும் அதன் வழி நுழையும் காற்று பெரும்பங்காகிவிடும். இரண்டாவது, காற்றின் ஓட்டம் மெதுவாதலால், எரிபொருளின் நுண்துளிகள் காற்றோடு மிதவாமல் சுவர்களில் படிந்து ஒழுகும். ஓர் உருளைக்கு மிகுதியாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் சேரும். மூன்றாவது, முன்பு எரிந்த புகையின் ஒரு பகுதி உருளையிலேயே தங்கிப் புதிய கலவையோடு கலந்து எரிதலை மந்தப்படுத்தும். விரைவுக்கென அமைந்த கேம் தண்டு, உட்புகு வால்வும் வெளியேறு வால்வும் ஒருங்கே திறந்திருக்கும் காலத்தை நீட்டிவைப்பதால், ஹாட் ராடில் இம்மூன்றாம் விளைவு இன்னும் மிகுதி.

ஆகவே உருளைகளுக்கிடையே சமநிலை மிகக் குறைந்திருக்கும் வேளை வெற்றோட்டமே. நெடுஞ்சாலை வேகத்தில் ஒத்து இயங்கும் எட்டும், நின்றிருக்கையில் ஒத்து இயங்காமை வியப்பன்று. இயல்பான வேறுபாடு எது, நோயான வேறுபாடு எது எனப் பிரித்தறிவதே வேலை.

வெம்மை எதைச் சொல்கிறது

புகைக்குழாயின் வெம்மையை உருளைக்குள் எரியும் தீயின் வெம்மை எனக் கொள்வது பரவலான மயக்கம். இரண்டும் வெவ்வேறு.

எரிபொருளின் ஆற்றல் மூன்று வழிகளில் பிரிகிறது: ஒரு பங்கு பிஸ்டனைத் தள்ளி வேலையாகிறது, ஒரு பங்கு சுவர்கள் வழியே குளிர்நீரில் சேர்கிறது, எஞ்சியது புகையோடு வெளியேறுகிறது. தீப்பொறி உரிய காலத்தில் தோன்றினால் கலவை முன்னதாகவே எரிந்து முடிந்து, பிஸ்டனை முழுத் தொலைவும் தள்ளி, தன் வெம்மையை இழந்து வெளியேறும். தீப்பொறி தாமதித்தால், கலவை எரிந்துகொண்டிருக்கும்போதே வெளியேறு வால்வு திறந்துவிடும். வேலையாக மாற வேண்டிய வெப்பம் குழாய்க்குள் பாயும். எனவே எஞ்சின் வலுக்குன்றி ஓடும்போதும் குழாய் மிகச் சூடாக இருக்கலாம். வெற்றோட்டத்தில் எட்டுக் குழாய்களும் செந்நிறமாய்ச் சுடருமாயின், முதலில் ஐயுறத்தக்கது தீப்பொறி நேரமே. மேனிஃபோல்டின் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறியை முன்கூட்டும் சிறு அமைப்பொன்று டிஸ்ட்ரிபியூட்டரில் உண்டு. விரைவு வண்டிக்கு அது வேண்டாவென்று சிலர் அதன் குழாயைக் கழற்றிவிடுவர். வெற்றோட்டத்தில் எஞ்சின் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, கலவை. பெட்ரோல் ஒரு பங்கிற்குக் காற்று எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். புகையின் வெம்மை அந்த அளவை ஒட்டியே உச்சத்தை அடைகிறது. எரிபொருள் மிகுந்தாலும் வெம்மை குறையும். காற்று மிகுந்தாலும் குறையும். மலையின் இரு சரிவுகளிலும் ஒரே உயரத்தில் இருவர் நிற்பது போன்றது இது. உயரத்தை மட்டும் சொன்னால் எவர் எந்தச் சரிவில் நிற்கிறார் எனத் தெரியாது. குளிர்ந்த குழாயைக் கண்டதும் “எரிபொருள் மிகுதி” என்றோ “காற்று மிகுதி” என்றோ முடிவு கூறுவார், இருவரில் ஒருவரை ஊகமாய்ச் சுட்டுகிறார்.

இதனைச் சுருக்கிச் சொன்னால், வெம்மையளவு எந்த உருளையைப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டும். அங்கு என்ன நேர்ந்தது என்பதைத் தானே கூறாது. அதற்கு வேறொரு சோதனை வேண்டும்.

முதலில் கருவியை ஐயுறுக

இக்காலப் பட்டறைகளில் துப்பாக்கி வடிவிலான அகச்சிவப்பு வெப்பமானி கையாளப்படுகிறது. அது பொருளைத் தொடாமல், பொருள் உமிழும் அகச்சிவப்புக் கதிரைப் பெற்று வெம்மையைக் கணிக்கிறது. இக்கணிப்பில் ஒரு முன்முடிவு ஒளிந்துள்ளது. மங்கிய கறுப்புப் பரப்பு தன் வெம்மைக்குரிய கதிரை ஏறத்தாழ முழுமையாக உமிழும். பளபளக்கும் குரோமியப் பூச்சு அதில் சிறுபங்கையே உமிழ்ந்து, எதிரேயுள்ள பொருள்களின் கதிரைக் கண்ணாடிபோல் திருப்பியனுப்பும். மலிவான வெப்பமானிகள் எல்லாப் பரப்பையும் கறுப்பெனவே கருதிக் கணக்கிடுவன. ஆதலால் கையைச் சுடும் குரோமியக் குழாயை அவை குளிர்ந்ததெனக் காட்டும். ஒரு குழாயில் துருவும் மற்றொன்றில் பளபளப்பும் இருந்தால், இல்லாத வேறுபாடு எண்ணாகத் தோன்றிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. எட்டுக் குழாய்களிலும், எஞ்சினோடு இணையும் தகட்டிலிருந்து ஒரே தொலைவில், வெப்பந்தாங்கும் மங்கல் கறுப்பு வண்ணத்தால் ஒரு புள்ளியிட்டு, அப்புள்ளிகளையே அளக்க வேண்டும். தொலைவையும் கவனிக்க வேண்டும். 12க்கு 1 எனக் குறிக்கப்பட்ட வெப்பமானி, 60 செ.மீ. தொலைவிலிருந்து 5 செ.மீ. அகலமான வட்டத்தின் சராசரியையே தரும். அவ்வட்டம் குழாயைத் தாண்டி அப்பாலுள்ளவற்றையும் சேர்த்துக்கொள்ளும். செந்நிற லேசர்ப் புள்ளி குறிபார்க்க உதவுவதேயன்றி, அளக்கப்படும் பரப்பின் அளவன்று.

இருமுறை அளத்தல் நன்று: குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கிய முதல் நிமிடத்தில் ஒருமுறை, முழுதும் சூடேறிய பின் மறுமுறை. எரியாத உருளையின் குழாய் முதல் நிமிடத்தில் தெளிவாகத் தனித்து நிற்கும். பின்னர் அண்டைக் குழாய்களின் வெப்பம் தகட்டின் வழியே பரவி அவ்வேறுபாட்டை மங்கச்செய்யும். வெப்பமானி இல்லாத காலத்தில் பட்டறையார் ஒவ்வொரு குழாயிலும் நீர்த்துளி தெளித்து, எது உடனே சீறி ஆவியாகிறது, எது தங்கி நிற்கிறது எனப் பார்த்தனர். இன்றும் அம்முறை பொய்ப்பதில்லை.

இச்சோதனைகள் யாவும் திறந்த வெளியிலேயே நிகழ வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகையில் உயிரையே போக்கும். சுழலும் விசிறியும் வாரும் அருகில் உள்ளமையால் தளர்ந்த ஆடையும் ஆகாது.

எண்களின் கோலத்தைப் படித்தல்

செவ்ரோலே வி8 எஞ்சினில், ஓட்டுநர் இடப்பக்கம் அமரும் அமெரிக்க வண்டியை அவர் இருக்கையிலிருந்து நோக்கினால், இடவரிசையில் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7 உருளைகளும், வலவரிசையில் 2, 4, 6, 8 உருளைகளும் உள்ளன. அவை எரியும் முறை 1-8-4-3-6-5-7-2. இவ்விரு வரிசைகளையும் மனத்தில் நிறுத்தினால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

விளக்கத்திற்காக ஓர் அளவீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இடப்பக்கம்: 1ஆம் குழாய் 225 பாகை செல்சியஸ், 3ஆவது 165, 5ஆவது 170, 7ஆவது 220. வலப்பக்கம்: 2ஆவது 160, 4ஆவது 230, 6ஆவது 225, 8ஆவது 170. பக்கவாரியாகப் பார்த்தால் ஒழுங்கு எதுவும் புலப்படவில்லை. இடப்பக்கத்தில் ஓரங்கள் சூடு, நடு குளிர்ச்சி. வலப்பக்கத்தில் அதற்கு நேர்மாறு. நான்கு உருளைகளில் தனித்தனியே நான்கு நோய்கள் என ஒருவர் எண்ணக்கூடும்.

இப்பொழுது அதே எண்களை எரியும் முறைப்படி அடுக்குவோம்: 225, 170, 230, 165, 225, 170, 220, 160. சூடும் குளிர்ச்சியும் ஒன்றுவிட்டு ஒன்றாக வருகின்றன! 1, 4, 6, 7 ஒரு குழு. 8, 3, 5, 2 மற்றொரு குழு. இப்பிரிவு தற்செயலானதன்று. இருதள மேனிஃபோல்டு எனப்படும் வகையில், கார்புரேட்டரின் கீழ் நடுவே ஒரு சுவர் நின்று, ஒரு பாதி இக்குழுவுக்கும் மறுபாதி அக்குழுவுக்கும் கலவையை அளிக்கிறது. அடுத்தடுத்து எரியும் உருளைகள் ஒன்றன் மூச்சை மற்றொன்று பறிக்காதிருக்கவே இவ்வமைப்பு. ஆகவே நோய் நான்கு அன்று, ஒன்றே. உருளையிலும் அன்று, கார்புரேட்டரின் ஒரு பாதியில்.

வெற்றோட்டக் கலவையைச் சரிசெய்ய ஒவ்வொரு பாதிக்கும் ஒரு திருகு உண்டு. குளிர்ந்த பாதியின் திருகை மெல்ல உள்நோக்கிக் கால் சுற்று திருப்ப வேண்டும். பெரும்பாலான கார்புரேட்டர்களில் இது எரிபொருளைக் குறைக்கும். சுழற்சி உயர்ந்தால் முன்பு எரிபொருள் மிகுந்திருந்தது எனவும், தாழ்ந்தால் முன்பே குறைந்திருந்தது எனவும் அறியலாம். மலையின் எந்தச் சரிவில் நிற்கிறோம் என்னும் வினாவுக்கு ஓரடி எடுத்துவைத்துப் பார்ப்பதே விடை.

திருகைத் திருப்பியும் மாற்றமே இல்லையெனில், அதுவும் ஒரு செய்தி. எரிபொருட் பாதை அழுக்கால் அடைபட்டிருக்கலாம். அன்றேல், விரைவுக் கேம் தண்டு கொண்ட எஞ்சினை அணையாமல் ஓடச்செய்ய வேண்டி த்ராட்டில் தகடுகள் அளவுக்கு மேல் திறந்துவைக்கப்பட்டிருக்கலாம். அப்போது அடுத்த நிலைக்குரிய எரிபொருள் இடுக்கு வெளிப்பட்டு, திருகைத் தாண்டியே எரிபொருள் வழியும். ஹாட் ராட் எஞ்சின்களில் இது அடிக்கடி காணப்படுவது.

வேறு கோலங்களும் உண்டு. அருகருகே உள்ள இரு குழாய்கள் மட்டும் குளிர்ந்திருந்தால், அவ்விரு உருளைகளுக்கும் இடையே தலைப்பகுதியின் கேஸ்கட் கிழிந்து, ஒன்றன் அழுத்தம் மற்றொன்றில் கசியக்கூடும். 4, 7 ஆகிய இரண்டு மட்டும் எரியாதிருந்தால், எஞ்சினில் இருப்பது மாற்றப்பட்ட எரிமுறை கொண்ட கேம் தண்டா எனக் கேட்க வேண்டும். பந்தய எஞ்சின்களுக்கென 1-8-7-3-6-5-4-2 என எரியும் கேம் தண்டுகள் உண்டு. பழைய எஞ்சினை வாங்கியவர் அதனை அறியாது வழக்கமான முறையில் கம்பிகளை இணைத்தால், அவ்விரு உருளைகளுக்கும் ஒரு முழுச் சுற்றுத் தவறித் தீப்பொறி செல்லும். 5உம் 7உம் அண்டையிலும் உள்ளன, அடுத்தடுத்தும் எரிகின்றன. அவற்றின் பிளக் கம்பிகள் நெடுந்தொலைவு ஒட்டிச் சென்றால் ஒன்றன் மின்துடிப்பு மற்றொன்றில் தூண்டப்பட்டு, 7ஆம் உருளை உரிய காலத்திற்கு முன்பே எரியக்கூடும். கம்பிகளைப் பிரித்துவைப்பதே அதற்கு மருந்து.

ஒரே ஒரு குழாய் குளிர்ந்திருந்தால்

இங்குக் கடைப்பிடிக்க வேண்டிய விதி, இடம் மாற்றிப் பார்த்தல். குளிர்ந்த உருளையின் பிளக்கை நலமான உருளைக்கும், நலமானதன் பிளக்கை இதற்கும் மாற்ற வேண்டும். குளிர்ச்சி பிளக்கோடு இடம்பெயர்ந்தால் குற்றம் பிளக்கில். பெயராவிடில் அடுத்துக் கம்பியை மாற்ற வேண்டும். ஒரு வேளையில் ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் நோய் நீங்கினும் எதனால் நீங்கியது என்பது தெரியாது.

தீப்பொறி குற்றமற்றதாயின் அழுத்தச் சோதனை. எட்டிலும் மிகக் குறைந்த அழுத்தம், மிக உயர்ந்ததன் முக்கால் பங்குக்குக் கீழ் இருந்தால் உள்ளுறுப்பில் பழுது உண்டு. அவ்வுருளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், அழுத்தம் உயருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிடில் வால்வையோ கேஸ்கட்டையோ ஐயுற வேண்டும். பின்னர் இரு வால்வுகளும் மூடிய நிலையில் அழுத்தக் காற்றைச் செலுத்திச் செவிசாய்த்தால், சீறல் புகைக்குழாயில் கேட்பின் வெளியேறு வால்வும், கார்புரேட்டரில் கேட்பின் உட்புகு வால்வும், எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்பின் வளையங்களும் கசிகின்றன. குளிர்நீர்த் தொட்டியில் குமிழிகள் எழுந்தால் கேஸ்கட் கிழிந்திருக்கிறது.

அழுத்தமும் குறையின்றி இருந்தால் வால்வு போதிய அளவு திறக்கிறதா எனப் பார்க்க வேண்டும். கேம் தண்டின் ஒரு முனைப்பு தேய்ந்து தட்டையானால் அவ்வுருளை போதிய மூச்சை இழுக்கவோ விடவோ இயலாது. தட்டைத் தாங்கி வகைக் கேம் தண்டுகளுக்கு எண்ணெயில் துத்தநாகச் சேர்மம் வேண்டும். இக்காலத்து எண்ணெய்கள் பலவற்றில் அது முன்னினும் குறைவு.

காற்றுக் கசிவும் சுழற்சிச் சோதனையும்

மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு இருப்பின், அதனை அடுத்த உருளைக்குக் காற்று மிகுந்து கலவை மெலியும். சற்றே மெலிந்தால் எரிதல் தாமதித்துக் குழாய் சூடேறும். மிக மெலிந்தால் எரியாமலே போய்க் குளிரும். ஒரே நோய்க்கு இரு எதிரெதிர் அறிகுறிகள்!

இதனைப் பிரித்தறிய வழி, சுழற்சியை நிமிடத்திற்கு 2,000க்கும் மேல் உயர்த்தி மீண்டும் அளத்தல். எஞ்சின் இழுக்கும் காற்று பன்மடங்காகும். துளை வழியே நுழையும் காற்றோ அவ்வாறு பெருகாது. ஆகவே கசிவின் பங்கு சுருங்கி, வேறுபாடும் மறையும். வெற்றோட்டத் திருகின் குறையும் இவ்வாறே மறையும். தீப்பொறிக் குறையும் வால்வுக் குறையும் பெரும்பாலும் மறையா. இவ்வொரு சோதனை காரணங்களை இரு கூடையில் பிரித்துவிடுகிறது.

கசியும் இடத்தைக் காண இணைப்புகளின்மேல் நுண்ணிய நீர்த்தூவலைச் செலுத்தினால், நீர் கணநேரம் துளையை மூடச் சுழற்சியின் ஒலி மாறும். தீப்பற்றும் திரவத்தைத் தெளிக்கும் வழக்கமும் உண்டு. கொதிக்கும் குழாய்களின் அருகே அது ஆபத்தானது, மாணவர்க்கு ஏற்றதன்று. மேனிஃபோல்டின் அடிப்புறத்திலும் கசிவு நேரலாம். அப்போது வெளிக்காற்றன்றி எஞ்சினின் உள்ளிருக்கும் எண்ணெய் ஆவியே உறிஞ்சப்படும். எத்தனை தெளித்தாலும் வெளியே தெரியாது. எஞ்சினின் காற்றுப்போக்கிகளை அடைத்துவிட்டு எண்ணெய் ஊற்றும் வாயில் உள்ளங்கையை வைத்தால், கை உள்நோக்கி இழுக்கப்படுவதை உணரலாம்.

எது இயல்பு

எட்டும் சமமாதல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே சில எஞ்சின்களில் தவறாகும். பழைய ஃபோர்டு வி8இல் ஒவ்வொரு பக்கத்திலும் உருளைகள் நான்கு, புகைவாய்களோ மூன்று. நடுவிலுள்ள இரண்டும் ஒரே வாயில் புகைவிடுகின்றன. நடுக்குழாய் சூடாக இருப்பது அதன் பிறவி இயல்பு. செவ்ரோலேயிலும் நடு இரண்டின் புகைவாய்கள் ஒட்டி அமைந்தமையால் அவை ஓரத்தவற்றைவிடச் சூடேறும். விசிறிக்காற்று முன்குழாய்களைக் குளிர்விப்பதும் உண்டு. இத்தகைய வேறுபாடுகளைத் திருத்த முயல்வார், நலமான எஞ்சினை நோயாளியாக்குவார். எனவே எஞ்சின் நன்றாக ஓடும் நாளிலேயே எட்டு எண்களையும் குறித்துவைத்தல் நலம். பின்னாளில் ஒப்பிட அதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஆசிரியர்களே, மேற்கண்ட எட்டு எண்களைக் கரும்பலகையில் எழுதி, எஞ்சினைப் பற்றி ஒன்றும் கூறாமல், மாணவர்களிடம் ஒழுங்கைத் தேடச் சொல்லுங்கள். பக்கவாரியாகத் தேடித் தோற்ற பின்னர், எரியும் முறையைக் கொடுங்கள். எண்கள் அவையே; அடுக்கும் முறை மாறியதும் பொருள் புலப்படும். தரவு என்பது தானே பேசுவதன்று, உரிய வரிசையில் வினவப்படும்போதே பேசும் என்பதை அவர்கள் அறிவர்.

பின்னர் அவர்களை எழுதச் சொல்லுங்கள்: “சுழற்சி உயர்ந்தால் எரிபொருள் மிகுந்திருந்தது, தாழ்ந்தால் குறைந்திருந்தது, மாறாவிடில் பாதையைப் பார்க்க வேண்டும்.” ‘ஆல்’, ‘ஆயின்’, ‘எனின்’, ‘விடில்’ என நிபந்தனையைக் குறிக்கும் வடிவங்கள் நம் மொழியில் நிறைந்துள்ளன. இலக்கணப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகக் கற்கும் இவ்வடிவங்கள், காரணத்தைத் தேடும் கருவிகள் என்பதை மாணவர் உணர வேண்டும். தொழிற்கல்வி நாடிச் செல்லும் நம் பிள்ளைகள் பலர், பட்டறையில் தமிழ் பேச்சுக்கு மட்டுமே உதவும், சிந்தனைக்கு உதவாது என எண்ணிவிடுகின்றனர். கருவியின் பெயர் எம்மொழியிலிருந்து வந்தாலும், அக்கருவி காட்டியதிலிருந்து முடிவுக்குச் செல்லும் வழியைத் தமிழில் நடக்க இயலும். குளிர்ந்த குழாயொன்றைக் கண்டதும் பாகத்தை வாங்க ஓடாமல், “இதற்கு எத்தனை காரணங்கள் இருக்கக்கூடும், அவற்றை எச்சோதனை பிரிக்கும்?” என நின்று வினவும் மாணவர் ஒருவர் உருவானாலும், இவ்வுரை தன் பயனைப் பெற்றதாகும்.